இரண்டு அங்குலம்

அளவுநாடாவின் நாக்கை இழுத்து
சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை பிடிக்கிறேன்.
முன்னால் இடப்பக்கம் ஐம்பத்தொன்று, வலப்பக்கம் ஐம்பது.
பின்னால், இருபது மூட்டை மண் ஏற்றியபோது, நாற்பத்துமூன்று.
மின்கட்டண உறையின் முதுகில் எழுதிக்கொள்கிறேன்.
இது என் முதல் பிக்கப்.
வாங்கி ஐந்து வாரம். தாளின்படி அதற்கு
நான்கு வருடம் ஏழு மாதம் உயிர் இருக்கிறது.

ஆசை பிறந்த இடம் சுவா சூ காங் சிக்னல்.
பக்கத்தில் வந்து நின்ற ஒரு கறுப்பு வண்டி.
என் ஜன்னலுக்கு நேரே அதன் கதவு இல்லை,
கதவுக்குக் கீழே இருந்த படி.
ஓட்டியவன் முகம்கூடத் தெரியவில்லை.
பச்சை விழுந்ததும் போய்விட்டான்.
நான் ஹாரன் வாங்கிக்கொண்டு நின்றேன்.

ஊபியில் ரோஸ்லான் கேட்ட முதல் கேள்வி: "எதுக்கு?"
பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.
அதற்குள் அவர் மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பிவிட்டார்.
பரோட்டா அளவில் ஓர் அலுமினிய வட்டம்:
ஸ்பிரிங் தலையில் வைத்தால் உயரும், ஒரு மத்தியான வேலை,
ஆனால் பழைய ஸ்பிரிங் பழைய ஸ்பிரிங்தான்.
புதுச் சுருள், நீண்ட ஷாக், நான்கு மூலைக்கும்:
விலையைக் கேட்டு நான் உறையைத் திருப்பிப்போட்டேன்.
பிறகு, சேஸிக்கும் உடம்புக்கும் நடுவே வைக்கும் நைலான் கட்டை.
அதைக் கையில் உருட்டியபடி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்,
இது வெள்ளத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடிப்பது;
கால் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

"ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று இழுபடும்," என்றார்.
பிரேக் குழாய் இழுபடும். அச்சு சாயும்.
விளக்கு எதிரே வருகிறவன் கண்ணுக்குள் போகும்.
பரிசோதனைக்குப் போனால் அதற்கும் ஒரு தாள் கேட்பார்கள்.
நான் தலையாட்டினேன்,
பாதி புரிந்தவர்கள் ஆட்டுகிற மாதிரி.

நூற்று அறுபத்துமூன்று மீட்டர்.
இந்த ஊரின் ஆக உயர்ந்த குன்று அவ்வளவுதான்.
அதன்மேலும் நான் வண்டியில் போகப்போவதில்லை.
என் வேலை புல், வேலி, யாரோ வீட்டு மாடியில் போகன்வில்லா.

ஷஃபிகுல்லிடம் கேட்டேன்.
மூட்டை ஏற்றுவதை நிறுத்தினான்.
வண்டியின் பின்கதவில் உள்ளங்கையை வைத்து
அதே மட்டத்தில் கையைத் தன் உடம்புக்குக் கொண்டுவந்தான்: தொப்புள்.
இரண்டு அங்குலம் மேலே நகர்த்தினான்: விலா.
விரல்களை விரித்தான், மடக்கினான், விரித்தான், மடக்கினான்,
இருபது வரை.
பிறகு ஒன்றும் சொல்லாமல் அடுத்த மூட்டையைத் தூக்கினான்.
நான் குனிந்து மறுமுனையைப் பிடித்தேன்.

இரவு பதினொன்று. புளோக்கின் கார் நிறுத்தக் கட்டடம்.
நுழைவாயிலில் சங்கிலியில் தொங்கும் மஞ்சள் கறுப்புக் கம்பி,
அதில் இரண்டு மீட்டர் பத்து என்று எண்.
பின்தட்டில் ஏறி நின்று
ஏணிச் சட்டத்திலிருந்து கம்பி வரை விரலால் அளந்தேன்.
நான்கு விரல்.
பின்னால் வந்த டாக்சிக்காரர் பொறுமையாக இருந்தார்.
அப்போதுதான் உறைத்தது:
காலையில் பாரத்தோடு குனிந்து போகிற வண்டி
இரவில் வெறுமையாக நிமிர்ந்து வருகிறது.
உயரம் அதிகமாக இருப்பது
சுமக்க ஒன்றும் இல்லாத நேரத்தில்.

மறுநாள் ரோஸ்லானிடம்:
முன்பக்கத்தைத் தொட வேண்டாம்.
பின்னால் மட்டும், பட்டைகளின் அடுக்கில்
இன்னும் ஒரு பட்டை சேருங்கள்.
"எவ்வளவு உயரணும்?" பேனாவைத் திறந்தார்.
"இருபது மூட்டை," என்றேன்.
அவர் எழுதிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தக் கறுப்பு வண்டி மறுபடி பக்கத்தில் வந்து நின்றால்
அண்ணாந்துதான் பார்ப்பேன். அதை மறுக்கவில்லை.