முப்பத்தேழு சதம்

கறையான் தின்ற மூலை போக
மிச்சத்தை வாசிக்கிறேன்.
மட்டக்களப்பு. ஓகஸ்ட். காலை ஒன்பதரை.
காற்று மேற்கு, வானம் சுத்தம்.
மழை முப்பத்தேழு சதம்.
அங்குலத்தை நூறாய் உடைத்து
மழையைக் காசு போல எண்ணிய காலம்.

கணினியில் நான் ஏற்றவேண்டியது எண்களை மட்டும்.
'குறிப்பு' என்கிற கடைசிக் கட்டத்துக்கு
என் திரையில் இடமில்லை.
அங்கேதான் இருக்கிறார் அப்போதிக்கரி காசுபதி.
கொயினா கலக்கிய கையோடு வந்து
மழையையும் அளந்தவர்.

மேற்கு என்று எழுதியிருக்கிறார்.
கச்சான் என்று எழுத அந்தத் தாளில் வழியில்லை,
வாவி சுருங்கி, உதடு வெடித்து,
மாடுகள் சேற்றை நக்கினாலும்
கொழும்புக்கு அது மேற்கு, விசை நான்கு.

ஆஸ்பத்திரி வளவில் செம்புப் புனல்,
எட்டங்குல வாய், சுற்றிலும் கம்பி.
காய்ச்சல்காரப் பிள்ளையோடு
படுவான்கரையிலிருந்து வந்த வள்ளிப்பிள்ளை
விடியுமுன் கம்பிக்குள் கைவிட்டு
ஒரு மூக்குப்பேணித் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள்.
"மழ குடிக்கிற ஏனமெண்டாங்க கா.
காஞ்சி கெடந்திச்சி. ஒரு வாய் ஊத்தின நான்."

மூன்றையும் ஏழையும் எழுதி, அடித்து,
மேலே திரும்பவும்
அதே மூன்று, அதே ஏழு.
கண்ணாடி காட்டுவதை எழுது என்பது விதி.
குறிப்பில் மட்டும், சின்னதாய்:
விழுந்ததல்ல, இடப்பட்டது.

கொழும்பிலிருந்து சிவப்பு மையில் ஒரு கேள்வி,
தெளிந்த வானத்திலா?
பதில் போனதாகத் தெரியவில்லை.
வருட முடிவில் அச்சான அட்டவணையில்
குறிப்புகளை விட்டுவிட்டார்கள்.
முப்பத்தேழு தங்கிவிட்டது.

நவம்பர்த் தாள்கள் ஒட்டிக்கிடந்தன.
சவரக் கத்தியால் பிரித்தேன்.
பதினெட்டாம் தேதி, அமுக்கம் இறங்குகிறது.
பிற்பகலில் இன்னும்.
மாலை ஆறு: தந்திக் கம்பி அறுந்தது, எவருக்கும் அறிவிக்க இயலவில்லை.
பிறகு மூன்று நாள் வெற்றுக் கட்டங்கள்.
வாவியும் கடலும் ஒன்றான அந்த இரவுக்கு
எண் இல்லை.
நான்காம் நாளில் வேறு கையெழுத்து:
புனலைக் காணவில்லை. புதியது வேண்டும்.
காசுபதியைப் பற்றி
அந்தக் கை எதுவும் எழுதவில்லை.

விதிப்படி மூன்று நாளுக்கும்
கழித்தல் தொண்ணூற்றொன்பது இட்டேன்.
இல்லை என்பதற்கு எங்களிடம் உள்ள எண் அது.

திரும்பி ஓகஸ்டுக்கு வருகிறேன்.
திரை சிவந்து ஐயம் கேட்கிறது:
சுற்றிலும் எந்த நிலையத்திலும் மழையில்லை,
அழிக்கவா?

வேண்டாம்.

அடுத்த நாள், பூச்சியம்.
அதற்கடுத்த நாளும்.