இடம்புரி

முன்னிடது சக்கரத்தில் மூன்று போல்ட் முறிந்த பிறகுதான்
நாலாவதன் தலையைத் துணியால் துடைத்துப் பார்த்தேன்.
துருவுக்கடியில் எல் என்று ஒற்றை எழுத்து.
இந்தப் பக்கத்துக்கு மட்டும் இடம்புரி.
கழற்ற வேண்டுமானால் முறுக்க வேண்டும்.
ஒரு ஞாயிறு முழுக்க
ஆறடிக் குழாயை ஸ்பேனரில் மாட்டி
அதன்மேல் ஏறி நின்று
நான் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வின்சிலாசுக்குப் படம் அனுப்பினேன்.
கப்பல் ஹூஸ்டனுக்கு வெளியே நங்கூரத்தில் கிடந்தது.
"எளவு, அது எனக்குத் தெரியுமே."
"பொறவு ஏன் சொல்லல?"
"நீ கேட்டியா?"
பதினாறு வருஷக் குடித்தனம்
அந்த ரெண்டு வரிக்குள்
டிக்கியோடு அடங்கிவிட்டது.

வண்டி, ஐம்பத்து நாலாம் மாடல் பிளிமத்.
குலசேகரம் பக்கம் ஒரு எஸ்டேட் ஏலத்தில்,
புகைப்புரைக்குப் பின்னாலிருந்து,
பின்சீட்டில் அடைகாத்த கோழியோடு எடுத்தது.
முட்டைக்குத் தனி விலை சொன்னார்கள். கொடுத்தோம்.

கருங்கலில் எங்கள் ஷெட்டுக்குள் அதன் மூக்கு போனால்
வால் மழையில் நிற்கும்.
ஆடியில் மேற்கிலிருந்தும் ஐப்பசியில் கிழக்கிலிருந்தும் பெய்கிற ஜில்லா;
துருவுக்கு இங்கே இரண்டு போகம்.
இடையில் வெயிலடிக்கும் நாளில்
கடல்காற்று வந்து
குரோமியத்தை நாக்கால் தொட்டுப் பார்க்கும்.

நான் மின்வாரியத்தில், தக்கலையில்.
வண்டிக்கு ஆறு வோல்ட், அதிலும் பாசிட்டிவ் பாடியில்.
எங்கள் ஆபீஸில் இப்படிச் செய்தால் மெமோ கொடுப்பார்கள்.
வயரிங்கை எலி தின்று
துணிச்சுற்று மட்டும் பாம்புச்சட்டையாய் மிச்சம்.
அதை மேஜையில் நீட்டி, கிளை கிளையாய் அளந்து,
தடித்த கம்பியில் புதிதாய்க் கட்டினேன்.
வோல்ட் குறைந்தால் கம்பி பருக்க வேண்டும்.
அந்த வண்டியில் எனக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரே விஷயம்.

வருஷத்தில் நாலு மாசம் வின்சிலாஸ் வீட்டில்.
வரும்போது சாக்லேட் கிடையாது, சென்ட் கிடையாது;
அங்குல ஸ்பேனர் ஒரு செட், கார்பரேட்டர் கிட்,
ஒரு தடவை ஜட்டிகளுக்கு நடுவே வாட்டர் பம்ப்.
கஸ்டம்ஸ்காரர் என்னவென்று கேட்டாராம்.
இதயம் என்று சொல்ல வாய் வந்ததாம்.
நல்லவேளை சொல்லவில்லை.
அது வாட்டர் பம்ப்.

கதவு ரப்பருக்குத்தான் விலை கேட்டுத் திகைத்தோம்.
கிணற்றைத் தாண்டினால் ரப்பர் மரம்,
சிரட்டை சிரட்டையாய்ப் பால்;
எங்கள் கதவு ஒழுகாமலிருக்க
ஒஹையோவிலிருந்து பீடிங் வர வேண்டுமாம்.
லேடெக்ஸ் கம்பெனியில் கெமிஸ்ட் ரெஜினாளைப் பிடித்தேன்.
முதல் வார்ப்பு அல்வா. இரண்டாவது செருப்பு.
"கந்தகத்தக் கொஞ்சம் குறைப்போம்" என்றாள்.
மூன்றாவதை ஒட்டி
நான் உள்ளே உட்கார்ந்துகொள்ள
வெளியிலிருந்து ஹோஸ் பைப்பைத் திருப்பினாள்.
ஒரு சொட்டு இல்லை.
கண்ணாடிக்கு அப்புறம் ரெஜினாள் வாயை வாயைத் திறக்கிறாள்.
நானும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டேயிருந்தேன்.
அடுப்பில் பால் பொங்கிப்போனதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

போன மாசம் ஓடியது.
தேங்காய்ப்பட்டணம் வரைக்கும், முப்பது மைல் வேகத்தில்,
பின்னால் ஒரு மினி பஸ் ஹாரனடித்தே வந்தது.
பத்து நிமிஷம் கடலோரம் நிறுத்துவோமே என்றான்.
"உப்பு" என்றேன்.
நிறுத்தாமல் திரும்பினோம்.
வேண்டிய மட்டும் கடல் பார்த்தவன்தானே.

நேற்று அவனைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டு
பஸ்ஸில் வந்தேன்.
இரவு டார்ச்சோடு வண்டிக்கடியில் படுத்தேன்.
பின்வலது மட்கார்டின் விளிம்பில்
புதுப் பெயின்ட்டுக்கடியில் கடுகளவு ஒரு கொப்புளம்.
நகத்தால் தட்டினேன். உள்ளே பொடி.

எண்பதாம் நம்பர் உப்புத்தாளை எங்கே வைத்தானோ.
ஷெட்டைக் கலைப்பதற்கு முன்னால்
இந்தத் தடவை
கேட்டுவிடுவேன்.