மற்றவை (விவரிக்க)

மைனஸ் முப்பத்திரண்டு.
பேனா மை உறைந்துவிடும் என்று
பென்சில் கொடுத்தனுப்பினார்கள்.
பொதுக்கொள்கை, மூன்றாமாண்டு, பதினோரு பேர்,
ஆளுக்கு அறுபது வீடு.

எனக்கு விழுந்தது பஸ் ஏறாத மேட்டுத்தெரு.
என் தெரு.
நான் வாய் திறக்கவில்லை.
சொன்னால் மாற்றிவிடுவார்கள்.
"சார்பு" என்றொரு சொல் இருக்கிறது வகுப்பில்,
கையுறைக்குள் புகுந்த முள் மாதிரி.

இங்கிருந்து பார்த்தால்
காலையில் உலான்பாதர் இல்லை.
புகை இருக்கிறது.
அதற்கு மேலே மின்நிலையத்தின் குழாய்கள்
தலையை மட்டும் நீட்டிக்கொண்டு.
அடுக்குமாடிக்காரர்கள் சொல்வார்கள்: அது மேட்டுத்தெருவின் புகை.
மேட்டுத்தெரு சொல்லும்: அது எங்கள் குளிர்.
இரண்டும் படிவது ஒரே பஸ் கண்ணாடியில்.

கேள்வி ஏழு.
புது எரிகட்டியில் திருப்தியா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.
லாரி ஓட்டும் தம்தின் தாடியில் பனியோடு யோசித்தார்.
"பற்ற மனசில்லை, பற்றினால் அணைய மனசில்லை.
மூன்றரை போடு."
அரைக்கு இடமில்லை.
மூன்று போட்டேன். ஆட்டுக்கு விலை படியாதவர்போல்
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பழைய கரியைத் தடை செய்தது தப்பு என்று
எழுத எனக்கு வராது.
என் தம்பி தெமூலென் போன குளிர்காலம்
ஆஸ்பத்திரி நடைபாதையில் பதினாறு நாள் கிடந்தான்,
கட்டிலுக்கு ரெண்டு பிள்ளைகள், எதிரெதிராய்க் கால்.
இந்த வருஷம் இருமல் பாதி.
பாதி என்பது எனக்குப் பெரிய எண்.

ஆனால் செரென்லாம்.
ராத்திரி ரொட்டிக்கடை வேலை.
பிள்ளைகளுக்குத் தலை கிறுகிறுத்த நாளிலிருந்து
கூடாரத்தின் உச்சித்துணியை ஒரு முழம்
திறந்தே வைத்திருக்கிறாள், விடியவிடிய.
சூடு வானத்துக்குப் போகிறது.
போன சூட்டுக்கு இன்னொரு கூடை.
"முப்பது கிலோ" என்றாள், ஒளிக்காமல்.

குறியீட்டுத்தாளைத் திருப்பினேன்.
இருபதுக்கு மேல்: வீண் பயன்பாடு.
மானிய மூட்டையில் ஒன்று குறையும்.

பேராசிரியர் பாவுதோர்ஜ் கரும்பலகையில் ஒரு கோடு இழுப்பார்,
விலை ஏற ஏற நுகர்வு இறங்கும், அழகாக, வளைந்து.
அந்த வளைவில் எந்த இடத்தில்
ஒருத்தி நடுராத்திரி எழுந்து
கயிற்றை இழுத்துத் துணியைத் தள்ளுகிறாள் என்று
கேட்கவேண்டும் என்றிருந்தேன்.
மணி அடித்துவிட்டது.

மத்தியானத்துக்குள் செய்தி எனக்கு முன்னால் ஓடியிருந்தது.
முப்பத்தாறாம் வீடு: பதினெட்டு கிலோ.
முப்பத்தேழு: பதினெட்டு.
முப்பத்தெட்டில் அடுப்பு செக்கச்செவேலென்று இரைகிறது,
பதினெட்டு.
ஊர் வாயை மூட உலைமூடி இல்லையாம்.
எங்கள் ஊர் தானே மூடிக்கொண்டது.

நாற்பத்தொன்று எங்கள் வீடு.
அப்பா கதவைத் திறந்து
என்னை "வாருங்கள்" என்றார்.
நாய்க்குத்தான் நாடகம் தெரியவில்லை,
பூட்ஸை நக்கியது.
"ஒரு இரவுக்கு எத்தனை கிலோ?"
"பதினெட்டு."
நேற்று ராத்திரி கூடை சுமந்தவள் நான்.
இருபத்தாறு.
என் கண்ணைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னார்,
மெதுவாக, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல்:
"பதி னெட்டு."

எழுதினேன்.
பொய்யா அது? தெரியவில்லை.
கேட்ட கேள்விக்கு ஏற்ற பதில்.

கடைசிப் பக்கம், கடைசிக் கட்டம்:
மற்றவை, விவரிக்க.
ரெண்டு விரல் அகலம்.
எறும்பு எழுத்தில் எழுதினேன்:
இரவில் மூச்சுவிடக் கூரையைத் திறக்கிறார்கள்.
திறந்த கூரைக்கும் சேர்த்து எரிக்கிறார்கள்.
வீட்டுக்கு வீடு போய்க் கேட்டதில் பத்தொன்பது வீட்டில்
அதே வாக்கியம்.

மேற்பார்வையாளர் பக்கங்களைப் புரட்டினார்.
"இந்தக் கட்டத்தைக் கணினி படிக்காது.
பென்சில்தானே, அழித்துவிடு."

ரப்பர் என்னிடமும் இருந்தது.
ஆனால் அழுத்தி எழுதியிருந்தேன்,
அடியில் இருக்கும் தாளிலும் தடம் விழுகிறமாதிரி.
அடியில் இருந்தது நாளைய வீட்டின் படிவம்,
முதல் கேள்வி,
குடும்பத் தலைவர் பெயர்.