அரை அங்குலம் என்று சொல்லப்படுவது

அரை அங்குலக் குழாய் என்றுதான் பில்லில் இருந்தது.
உள்ளே அளந்தேன், அரையைத் தாண்டியது.
வெளியே அளந்தேன், முக்காலையும் தாண்டியது.
அந்த அரை அங்குலம்
இந்தக் குழாயில் எங்குமே இல்லை.
"அது வெறும் பேர்" என்றான் வெண்டல்,
கான்சாஸ் தானியக் கிடங்கில்
இருபத்தாறு வருடம் லாரிகளை எடை போட்டவன்.

போன குளிர்காலத்தில் முதல் முயற்சி:
ஈரப் பூட்ஸ் காயவைக்க ஒரு தாங்கி.
பசை தடவி ஒட்டினோம்.
பத்து எண்ணுவதற்குள் பிடித்துக்கொள்கிறது அந்தப் பசை,
கோணல் என்று
பதினொன்றில்தான் தெரிகிறது.
இன்றைக்கும் அதன் ஒரு கை
சுவரைக் குத்தப்போவதுபோல் நீட்டியிருக்கிறது.
அதில் அவன் தொப்பியை மாட்டுகிறேன்.

ஆகவே தக்காளிக் கூடாரத்துக்குப் பசை வேண்டாம் என்றேன்.
நாற்பதைத் தாண்டியபின், இரண்டாம் முறையாக,
கல்யாணம் செய்துகொண்டவர்கள் நாங்கள்.
அவன் வாதாடவில்லை.

பத்தடிக் குழாய் ஒன்பது.
ஆறை வளைத்தால் ஆறு வில்.
ஒன்று முதுகெலும்பு, கயிற்றால் கட்ட.
மற்ற இரண்டை அடுப்படி மேசையில் போட்டு அறுத்தோம்.
வெள்ளைத் தூள் காபியில் விழுந்தது,
ரொட்டியில் விழுந்தது,
நாய் தும்மிக்கொண்டே வெளியே போனது.
பன்னிரண்டு டீ, நான்கு மூடி,
ரப்பர் சுத்தியலால் ஆளுக்கொரு தட்டு.
மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து விட்டபோது
சாயங்கால வெயில் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.
விலையைக் கூட்டிப் பார்த்தேன்.
இந்தக் காசுக்கு
செப்டம்பர் வரை கடைத் தக்காளி வாங்கியிருக்கலாம்.
சொல்லவில்லை.

மே பத்தொன்பது, ராத்திரி, சைரன்.
நிலவறையில் ஒரு மணி நேரம்
நாயும் நாங்களும் ஒரே போர்வையில்.
காலையில் கூடாரம் இல்லை.
மண்ணில் அடித்த கம்பிகள் மட்டும்
வரிசை கலையாமல் நின்றன.
தக்காளிச் செடிகளில் பாதி படுத்திருந்தது.
மீதிப் பாதி,
கூரை எங்கே என்று கேட்பதுபோல், நிமிர்ந்து.

"ஒட்டியிருந்தால் பறந்திருக்காது."
"ஒட்டியிருந்தால் உடைந்திருக்கும்."
யார் எதைச் சொன்னோம் என்பதில்
இன்னும் தகராறு இருக்கிறது.

வாளியோடு கிளம்பினோம்.
இமோஜின் க்ராட்ஸின் கோழிக் கூண்டில் மூன்று டீ,
ஒன்றின்மேல் ஒரு கோழி அடைகாப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.
லூத்தரன் சர்ச் பெயர்ப்பலகையில்
ஒரு வில் மாலை போட்டிருந்தது.
ப்ராக்டர் வீட்டுப் பையன்கள்
நாங்கள் போவதற்குள்
எங்கள் குழாயை நட்டு கோல் போஸ்ட் ஆக்கியிருந்தார்கள்.
ஆட்டம் முடியக் காத்திருந்தோம்.
நாலுக்கு மூன்று.
வெண்டல் ஒருமுறை நடுவராக வேண்டிவந்தது.

மேசையில் கொட்டி எண்ணினேன்.
குழாய் சரி. மூடியில் ஒன்று குறைவு.
டீ, பதின்மூன்று.

மறுபடி எண்ணினான் வெண்டல். பதின்மூன்று.
எங்களுடையது எல்லாம் வெள்ளை.
ஒன்று மட்டும் சாம்பல் நிறம்.
குழாயைச் சொருகிப் பார்த்தான், கச்சிதம்.
அதன் வயிற்றில் மை மங்கிய எழுத்து:
வடக்கு மூலை.

எந்த ஊரின் வடக்கோ.
யாரோ ஒருவர், எங்களைப்போல்
பசையை நம்பாத ஒருவர்,
இந்நேரம் வாளியோடு குனிந்து
ஒவ்வொரு புல்லாக விலக்கிக்கொண்டிருப்பார்.
எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருக்கும்.
எங்கள் மூடி அங்கே இருக்குமோ என்னவோ.

கூடாரம் திரும்ப எழுந்தது,
கொஞ்சம் குள்ளமாக.
அந்த டீயை நான் சேர்க்கவிடவில்லை.
விதைக்கடைப் பலகையில்
கன்றுக்குட்டி விற்பனைக்கும் டிராக்டர் டயருக்கும் நடுவே
ஒரு சீட்டு குத்தியிருக்கிறேன்:

கிடைத்தது, டீ ஒன்று.
சாம்பல் நிறம். வடக்கு மூலையைச் சேர்ந்தது.
அளவு:
அரை அங்குலம் என்று சொல்லப்படுவது.