அலமாரிக்குள் ஒரு சொல்

சாம்பல் புதனுக்கு முந்தின இரவு
அல்லேலூயாவைப் பூட்டி வைப்போம்.
சுங்கை கெலாடி கோயிலில் அது வழக்கம்.
பழைய காலண்டர் அட்டையின் முதுகில்
மார்க்கர் பேனாவால் எழுதி,
வெள்ளைத் துணியில் சுற்றி,
அங்கி அலமாரியின் கீழ்த்தட்டில்.
சாவி அருமைராஜிடம்.
எங்களுக்கு இருக்கும் ஒரே பேஸ் குரல் அவர்தான்,
சாவி தொலைக்காத ஒரே ஆளும்.

அதன்பின் நாற்பது நாள்
அந்தச் சொல் வாய்வரை வந்தால்
விழுங்கிவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
மிச்சமிருக்கும் பால்மரங்களுக்கும்
அதே மாதங்கள்தாம்.
இலை சிவந்து, கொட்டி,
சருகில் மோட்டார் சைக்கிள் வழுக்கும்.
மற்றதெல்லாம் செம்பனை. அதற்கு நோன்பு தெரியாது.
பால் வற்றும் வாரங்களில்
ஒத்திகைக்கு ஆள் குறையாமல் வரும்.
ஆல்டோவில் இரண்டு பேர் இன்னும் பால் வெட்டுகிறவர்கள்.

பாட்டுத் தாள்கள் தலைநகர்ப் பேராலயத்தில்
கழித்துக் கட்டியவை.
மூலையில் நீல முத்திரை.
யாரோ ஒரு சோப்ரானோ
மூச்சு விடும் இடங்களில்
பென்சிலால் சின்னக் கோடு இழுத்திருக்கிறாள்.
முகம் தெரியாத அவள் மூச்சு விட்ட இடத்தில்
எங்கள் ஜெயசீலியும் விடுகிறாள்.
ஆங்கிலத்தின் மேல் தமிழை எழுதுவது என் வேலை.
அவர்கள் ஒரே சுரத்தில் முடித்துவிடும் இடத்தில்
'கர்த்தாவே'யைத் திணித்துப் பாருங்கள், தெரியும்.

ஒருமுறை அங்கே போயிருக்கிறோம், வருகைக்கால ஆராதனைக்கு.
குழாய் ஆர்கன் எழுந்தபோது
பெஞ்சு தொடையில் அதிர்ந்தது.
நாற்பது பேர், நாலு வரிசை.
"இதுல ஒருத்தர் இருமினாலும் தெரியாது"
என்றாள் ஜெயசீலி என் காதில்.
நாங்கள் ஏழு பேர். கீபோர்டில் நான் தனி.
எங்களில் ஒருத்தர் இருமினால்
அன்றைக்கு டெனர் இல்லை.

இந்த வருடம் குருத்தோலைக்குத் தென்னை கிடைக்கவில்லை.
செம்பனை மட்டையை வெட்டி வந்தார்கள்.
முள் கிழித்த விரல்களோடு ஓசன்னா பாடினோம்.
இரண்டாம் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி,
யாருடையது என்று கேட்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு, விடியுமுன்.
ஆலையில் பாய்லர் பழுது. இரவு ஷிப்டை விடவில்லை.
கைப்பேசியில் அருமைராஜ்:
"ஆரம்பிச்சிருங்க லா."

சாவி அவரிடம். சொல் உள்ளே.
"திறக்காம பாடலாமா ஐயா?"
கேட்டது சின்னவன் யோத்தாம்.
போதகர் மெழுகுவர்த்தியைக் கை மறைத்து நின்றார்.
"கல்லை யார் புரட்டுவாங்கன்னு தெரியாமத்தான்
அந்தப் பொம்பளைங்களும் நடந்தாங்க"
என்றார்.

பாடினோம்.
தரை போடாத வீடு மாதிரி இருந்தது,
ஆறு குரலும் அந்தரத்தில்.
மூன்றாம் அல்லேலூயாவில்
ஆலைச் சங்கு ஊதியது.
என்ன சுரம் என்று சொல்லட்டுமா?
கால் சுரம் இறங்கிய 'டி'.
எங்களுக்கு வேண்டியிருந்தது 'டி'.
நான் கீபோர்டிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.
ஆறு பேரும், யாரும் சொல்லாமல்,
ஒரு மயிரிழை இறங்கி
அதன் மேல் உட்கார்ந்தார்கள்.
சங்கு நின்றது. நாங்கள் நிற்கவில்லை.

மதியம்தான் அவர் வந்தார்,
சட்டையெல்லாம் வெந்த பழக்குலை வாடை.
அலமாரியைத் திறந்தோம்.
துணியில் மண் கோடு.
'அல்லே'வைக் கறையான் தின்றிருந்தது.
'லூயா' இருந்தது.
அட்டையைப் புரட்டினார்.
போன வருட மார்ச், மீன்கடை விளம்பரம்.
"அடுத்த வருஷம் பிஸ்கட் டின்ல வைக்கணும் லா."

பிறகு பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு,
காலி பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று,
தன் பகுதியை மட்டும்
முதலிலிருந்து பாடினார்.
இடையிடையே மற்றவர்கள் பாடும் இடங்களில்
காத்திருந்தார், சரியான கணக்கில்.
நான் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன்.