சம்ப் மூடி

பொய் சொல்லித்தான் அந்த நாலடியை வாங்கினேன்.
படிக்கட்டு திரும்புமிடம் அகலமாக இல்லாவிட்டால்
தீயணைப்புத் துறை விடாது சார் என்றேன்.
பில்டர் ஆவுடையப்பன் கால்குலேட்டரைத் தட்டி
ஐந்து மாடிக்கும் சேர்த்து எவ்வளவு போகிறதென
என் பக்கம் திருப்பிக் காட்டினார்.
நான் பார்க்கவில்லை.

ஈசான மூலைப் புங்கமரத்துக்கு
வாஸ்துவைத் துணைக்குக் கூப்பிட்டேன்:
அங்கே பாரம் ஏற்றக் கூடாது,
ஜெனரேட்டரைத் தெற்கே தள்ளுங்கள்.
மரம் பாரமில்லையா என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

மரத்தடியில் அரைவட்டமாய்க் கடப்பாக்கல் பெஞ்சு.
வரைபடத்தில் எட்டுப் பேரை அதில் உட்காரவைத்தேன்,
ஒரு சிறுமி கையில் பலூன்கூடக் கொடுத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து
ஒழுகும் பாத்ரூம் ஒன்றைப் பார்க்க
ஆனையூருக்கு வரச்சொன்னார்கள்.
பெஞ்சில் யாருமில்லை.
பொரி கொட்டியதுபோல் புங்கம்பூ;
கூட்டுகிறவர் அதைத் திட்டிக்கொண்டிருந்தார்.
நாலடி நாலடியாய் நான் வாங்கிய இடத்தில்
செருப்பு ஸ்டாண்டு, செத்த ஏசி,
மூன்றாம் மாடியில்
பூட்டுப் போட்ட கிரில்லே வந்துவிட்டது.

பேச்சுச் சத்தம் பின்பக்கமிருந்து வந்தது.

தோண்டும்போது பாறை வந்ததால்
தரைக்கு மேல் ஒன்றரை அடி துருத்திக்கொண்ட சம்ப்.
நான் மறைக்க நினைத்த தவறு.
ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தியில் தண்ணீர் வரும்,
நிரம்பும்வரை ஒரு வீடு காவல்.
காவலுக்கு வந்த பிரபாவதி
சௌராஷ்டிரத்தில் போன் பேசியபடி பூண்டு உரிக்க,
காவலில்லாத ராயப்பன் உட்கார்ந்து
அவரும் நாலு பல் உரிக்க,
ஷகிலாவின் இரட்டையர்
கைப்பிடிச் சுவருக்கு மேலே எக்கி
கண்மாயில் நாரை எண்ணுகிறார்கள்,
ஒருத்தி ஒன்பது, ஒருத்தி பதினொன்று.

வழிந்த தண்ணீர் ஓடும் வரிசையில் பெயிண்ட் டப்பாக்கள்:
கறிவேப்பிலை, தூதுவளை, தலை சாய்ந்த ஒரு தக்காளி.
யாரோடது என்றேன்.
"இன்னைக்கு எங்களோடது" என்றாள் பிரபாவதி.
"நாளைக்கழிச்சு செகண்ட் ஃப்ளோர்."

நோட்டை எடுத்தேன், உயரத்தை அளந்து குறிக்க.
டேப்பின் மறுமுனையை ராயப்பன் பிடித்தார்,
எதற்கென்று கேட்காமலே.

"கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா மேடம்?
நீங்க உக்காந்திருக்கதுதான் மூடி."

எழுந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தோம்.
இன்னும் ஒரு சாண்.
மறுபடி உட்கார்ந்தேன்.

பாத்ரூம் மேலே ஒழுகிக்கொண்டிருந்தது.