கடலில்லாத நாட்டுக் கப்பற்படை

சென்னிமலை தாண்டும்போது கேட்டாள்,
கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம்?
கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாதுங்க என்றேன்.
பின்சீட்டில் ஷம்ஷாத் அதை ஸ்பானிஷில் சொல்ல
கண்ணாடியில் அவள் சிரிப்பைப் பார்த்தேன்.
எங்களுக்கும் கிடையாது,
ஆனால் கப்பற்படை இருக்கிறது.

ஊர் பொலிவியா, பெயர் பெலிசா மமானி.
நொய்யலைப் பார்க்க வந்தவள்.
அதைப் போய் எதற்குப் பார்ப்பது என்று
நான் கேட்கவில்லை. கிலோமீட்டருக்குப் பதினாறு ரூபாய்.

கடல் இருந்ததாம். சண்டையில் சிலிக்காரன்
பிடுங்கிக்கொண்டு நூற்று நாற்பது வருசம்.
வருசா வருசம் மார்ச்சில் ஒருநாள்
பிள்ளைகள் சீருடையில் அணிவகுத்து
இல்லாத கடலுக்கு சல்யூட் வைப்பார்கள்.
படகுகள் ஏரியில் நிற்கின்றன.

அதற்கும் முன்னால் ஒரு மலை. உள்ளே வெள்ளி.
ஸ்பெயின்காரன் முந்நூறு வருசம் தோண்டினான்.
உள்ளே போனவர்களை எண்ணி வைக்க ஆளில்லை.
இன்றைக்கும் அந்தக் குகைக்குள் ஒரு சாமி, கொம்பு வைத்தது,
வாயில் சிகரெட் வைத்தால்தான் ஆளை விடும் என்றாள்.
வண்டியை ஓரங்கட்டி எங்கள் கருப்பராயனைக் காட்டினேன்.
காலடியில் பாதி எரிந்த சுருட்டு.
இறங்கிப் போய் வெகுநேரம் நின்றாள்.

வெள்ளி தீர்ந்து வெள்ளீயம்.
அதன் விலையும் விழுந்து, பட்டாளம் மாற்றிப் பட்டாளம்.
பிறகு அவள் ஊர்த் தண்ணீரைக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள்.
கூரையில் விழும் மழைக்கும் பில் வரும் என்று பேச்சு.
அப்போது அவளுக்குப் பதினேழு. கல் எறிந்திருக்கிறாள்.
கம்பெனி ஓடிப்போனது.
குழாயில் இன்னும் ஒழுங்காகத் தண்ணீர் வரவில்லை
என்பதையும் அவளேதான் சொன்னாள்.

இப்போது?
உப்புப் பாலைவனம் ஒன்று இருக்கிறதாம்,
ஈரோடு ஜில்லாவைப் போல் கிட்டத்தட்ட ரெண்டு பங்கு.
அடியில் லித்தியம். உலகமே எட்டிப் பார்க்கிறது.
ரோட்டில் டீசலுக்கு லாரிகள் நாள்கணக்கில் வரிசை.
என்னையறியாமல் முள்ளைப் பார்த்தேன்,
கால் டேங்க்.

ஒரத்துப்பாளையம் அணை.
தண்ணீர் வடிந்த இடமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது.
குனிந்து விரலில் தொட்டு
நாக்குக்குக் கொண்டுபோனாள்.
நான் போட்ட சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சாயப்பட்டறை உப்புங்க.
எங்க வெள்ளி மலை பனியன்.
என் தம்பி டையிங்கில்தான் இருக்கிறான்,
இந்த வண்டிக்குப் பாதித் தவணை அவன் கட்டியது.
அவள் எதையோ எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போது,
நீங்கள் கடல் பார்த்ததுண்டா?
ஒரு தடவை. ராமேசுவரம். அப்பனின் சாம்பலோடு.
அவளும் ஒரே தடவைதானாம்,
சிலிக்காரனிடம்
எல்லையில் முத்திரை வாங்கிக்கொண்டு.